தெலுங்கில் 'பிரமாதம்' என்றால் ஆபத்து

கச்சேரியோ சாப்பாடோ நன்றாக அமைந்தால் நாம் "பிரமாதம்" என்கிறோம். அதே சொல்லுக்குத் தெலுங்கில் ஆபத்து, விபத்து என்று பொருள். இரண்டுக்கும் மூலம் வடமொழி. அங்கே கவனக்குறைவு, பிழை என்று அர்த்தம். தமிழிலும் முன்பு பிழை என்ற பொருளில் வழங்கியதுதான். பிறகு எப்படியோ பாராட்டாகித் திரும்பிவிட்டது. சொல்லாராய்ச்சி செய்வோருக்கு இது ரசமான விஷயம். மின்பலகை முன்னால் நிற்கிற நம்ம பையனுக்கு அப்படியல்ல.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கி.மீ. தூரத்தில், தடாவுக்கு அருகே உள்ளது ஸ்ரீ சிட்டி. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்விடம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இசுசு வண்டி, காட்பரி சாக்லேட், அல்ஸ்டாம் ரயில் பெட்டி என்று பலதும் இங்கே உற்பத்தியாகின்றன. வேலைக்குச் சேர்ந்தவுடன் பாதுகாப்புப் பயிற்சி. வாத்தியார் தெலுங்கில் பேச, திரையில் ஆங்கிலம் ஓட, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வருகிற பிள்ளை தலையாட்டிவிட்டு வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். அது சாதாரணக் கையெழுத்தல்ல. நாளைக்கு ஒரு விரல் போனால், "இவருக்குச் சொல்லிக் கொடுத்தாச்சு" என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஆகவே முதல் நாளே சில சொற்களைப் பழகிக்கொண்டு போக வேண்டும். நிப்பு என்றால் தீ. பொக என்றால் புகை. நம் சொல்லின் உடன்பிறப்பே. 'ஆகு' என்றால் நில். நாம் அதை 'ஆகட்டும்' என்று எடுத்துக்கொண்டு மேலே நடந்துவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் 'லாக்அவுட்' ஒன்றையாவது நன்றாய்ப் புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சங்கச் செய்தி படித்தவர்கள் கதவடைப்பு என்று நினைப்பார்கள். இங்கே அதுவல்ல. மிஷினைப் பழுது பார்க்கும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போடுவதுதான் லாக்அவுட். நான்கு பேர் உள்ளே கை வைத்தால் நான்கு பூட்டு. அவரவர் சாவி அவரவர் சட்டைப்பையில். கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கிற வரைக்கும் மிஷின் ஓடாது. பூட்டோடு பெயர் எழுதிய அட்டையும் தொங்க வேண்டும். அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அப்பால் நிற்கிறவன் விஷயம் தெரியாமல் போட்டுவிடுவான். தவிர, கரண்ட் போன பின்னும் காற்றுக் குழாயில் அழுத்தம் இருக்கும், தூக்கி நிறுத்திய பளு இருக்கும். அதையெல்லாம் இறக்கிவிட்டு, ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்று பார்த்த பிறகே கை வைக்கலாம். பூட்டு விற்கிறவன் என்பதால் சொல்கிறேன்: மாற்றுச்சாவி ஊரெல்லாம் உலவுகிற பூட்டு இதற்கு உதவாது.

1984-இல் போபால் நடந்தது. அதன் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் தன் வேலையின் ஆபத்துகளைக் கேட்டறியவும் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. கேட்கும் உரிமை அதிலும் உண்டு. ஆக, "இதைத் தமிழில் ஒருதரம் சொல்லுங்க சார்" என்பது தயவு கேட்பதல்ல.

தான் நிற்கப்போகும் மிஷினுக்கு எது மெயின் ஸ்விட்ச், பூட்டு யாரிடம் வாங்குவது, மணி அடித்தால் எந்த வாசல் வழியே போய் எங்கே கூடுவது என்று தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிள்ளை பயிற்சிக்குப் போகட்டும். பதில் கிடைத்த பிறகு கையெழுத்து.