நல்லாசிரியர் யார்?

செமிலிங் பட்டணத்திலிருந்து வடக்கே பார்த்தால் ஜெராய் மலை தெரியும். அதன் உயரம் 1,217 மீட்டர். முற்காலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு வணிகம் செய்ய வந்த கப்பலோட்டிகளுக்கு இம்மலையே வழிகாட்டி. கடலில் வெகுதொலைவில் வரும்போதே மலையைக் கண்டு, கரை எத்திசையில் உள்ளது என்று அறிந்துகொண்டனர்.

நல்லாசிரியரையும் மலைக்கு ஒப்பிட்டார் ஒருவர். அவர் பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். ஆனால், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே, கற்பிப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அது பேசிவிடுகிறது. மலை தொலைவிலிருந்தும் தெரியும், எதற்கும் அசையாது, மழை பொய்த்த காலத்திலும் தன்னிடமுள்ள வளத்தைத் தரும். ஆசிரியரும் அவ்வாறு இருக்க வேண்டும் என்கிறார் அவர். பொறுமைக்கு நிலத்தையும், நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையும், மென்மைக்கு மலரையும் உவமை காட்டுகிறார்.

இவற்றைவிட, யார் ஆசிரியராகத் தகாதவர் என்று அவர் கூறும் பகுதி நம்மை இன்னும் சிந்திக்க வைக்கிறது. அங்கும் நான்கு உவமைகள் உள்ளன. சுற்றிலும் மட்டைகள் நிறைந்த பனைமரத்தில் யாரும் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. நாம் கேட்டால் சொல்லாமல், தமக்குத் தோன்றும்போது மட்டும் சொல்பவர் அத்தகையவர். குறுகிய வாயுள்ள குடுவையில் அடைத்த பஞ்சு, சிறிது சிறிதாகத்தான் வெளியே வரும். தாமும் வருந்தி, மாணவரையும் வருத்திக் கற்பிப்பவருக்கு அது உவமை.

மூன்றாவது உவமை முடத்தெங்கு. நம் வீட்டில் நட்டு, நாம் நீரூற்றி வளர்த்த தென்னை, வேலியைத் தாண்டி வளைந்து அடுத்த வீட்டில் காயைப் போடுகிறது. கம்பத்தில் இக்காட்சியை நீங்களே பார்த்திருப்பீர்கள். வகுப்பில் காத்திருக்கும் மாணவரை விட்டுவிட்டு, வேறிடத்தில் மட்டும் முழு மனத்தோடு கற்பிப்பவரை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

நான்காவது கழற்குடம். கழற்சிக்காய்களைக் குடத்தில் போட்டுக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் அவை வெளிவருவதில்லை. முன்னே போட்டது பின்னே வரும். பின்னே போட்டது முன்னே வரும். இந்த ஆசிரியரிடம் அறிவுக்குக் குறையில்லை. குடம் நிறையக் காய்கள் இருக்கின்றன. வரிசைதான் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டால், பல பிள்ளைகள் நான்கில் ஒரு பங்கே பெரியது என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரிய எண் அல்லவா? இது கவனக்குறைவால் வந்த விடை அன்று. சிந்தித்துச் சொன்ன விடை. “தவறு” என்று சிவப்பு மையால் கோடிட்டுவிட்டு அடுத்த கணக்கிற்குப் போவது எளிது. “எப்படி இந்த விடைக்கு வந்தாய்?” என்று கேட்பவரோ பிள்ளை நிற்கும் இடத்திற்குப் போகிறார். ஒரு ரொட்டிச் சானாயை மூவருக்கும், இன்னொன்றை நால்வருக்கும் பங்கிடச் சொல்கிறார். எந்தத் துண்டு பெரியது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்கிறது.

1986ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் இதையே ஆராய்ந்து எழுதினார். பாடத்தை அறிவது வேறு. அந்தப் பாடத்தில் மாணவர் எங்கே இடறுவர், எந்த எடுத்துக்காட்டு அவரைத் தூக்கிவிடும் என்று அறிவது வேறு என்றார். கழற்குடம் என்ற ஒரு சொல்லில் பவணந்தியார் சுட்டிய குறையும் ஏறக்குறைய இதுதான்.

சரி, இத்தனை கடினமான பணியை ஏன் சிலர் விரும்பி ஏற்கின்றனர்? நம் தோட்டப்புற வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு. 1923ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. கெடா அம்மாநிலங்களில் ஒன்றன்று; ஆயினும் இங்குள்ள ரப்பர் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. கொட்டகை போடுவது எளிது. ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோ பாடம் நடத்திய தோட்டங்கள் பல. ஒரே அறையில் எல்லா வகுப்புகளையும் ஒருவரே பார்த்துக்கொண்டார். பின்னர், அப்பள்ளிகளில் ஏழாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுள் சிலர் தாங்களே ஆசிரியர்களாயினர். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நிற்காமல் வாழ, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்று திறந்திருந்த வழிகள் மிகச் சில. ஆசிரியப் பணி அவற்றுள் ஒன்று.

ஆகவே, நிலையான சம்பளத்திற்காக இப்பணிக்கு வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. வந்த காரணம் ஒன்றாகவும், நிலைத்து நிற்கும் காரணம் வேறொன்றாகவும் இருக்கலாம். ‘எனக்குப் புரியும்வரை விடாமல் சொல்லிக்கொடுத்தார்’ என்று நினைவுகூர ஓர் ஆசிரியர் வாய்த்தவர்கள், அவரைப் போலாக விரும்பியே இப்பணிக்கு வருவதும் உண்டு.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஆசிரியர் கல்விக் கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கெடாவில் சுங்கைப்பட்டாணியிலும் ஜித்ராவிலும் அவை உள்ளன. ஆயத்தப் பயிற்சியை முடித்தபின் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. அதில் உண்மையான வகுப்பறையில் நின்று கற்பிக்கும் பயிற்சியும் அடங்கும். தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டு பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஆசிரியர்களை உருவாக்குகிறது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். வரும் பள்ளி விடுமுறையில் தம்பிக்கோ தங்கைக்கோ பின்னம் சொல்லிக்கொடுங்கள். மூன்றாம் முறையும் நான்கில் ஒரு பங்கே பெரியது என்று விடை வரும்போது, உங்களுக்குக் கோபம் வருகிறதா, அப்பிள்ளையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அறியும் ஆவல் வருகிறதா என்று கவனியுங்கள். முதல் நாள் கோபம் வந்தால் கவலை வேண்டாம். மறுநாள் ஒரு ரொட்டிச் சானாயை வாங்கி வைத்துக்கொண்டு மீண்டும் உட்காருங்கள்.