நாகஸ்வரக்காரர் மகன் ஊதிய சாக்ஸபோன்!

1994-ல் வெளிவந்த ‘டூயட்’ படத்தைப் பார்த்தவர்களுக்குப் பிரபுவின் கையில் இருந்த சாக்ஸபோன் மறந்திருக்காது. பிரபு திரையில் நடித்தார். பின்னணியில் அதை வாசித்தவர்களில் முதன்மையானவர் கத்ரி கோபால்நாத். ஏ.ஆர்.ரஹ்மான் இசை, கே.பாலசந்தர் இயக்கம். பல ராகங்களை வாசித்துக் காட்டிய பிறகு, கடைசியில் எல்லோருக்கும் பிடித்துப்போனது கல்யாண வசந்தம் என்று கோபால்நாத்தே சொல்லியிருக்கிறார்.

அதே 1994-ல், லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி நடத்தும் ‘ப்ராம்ஸ்’ இசை விழாவிலும் அவர் வாசித்தார். அந்த மேடைக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர்தான்.

இந்த இடத்துக்கு வர அவர் தாண்டிய தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

அரண்மனையில் கேட்ட ஓசை

மங்களூரை அடுத்த பண்ட்வால் பகுதியில் 1949-ல் பிறந்தவர் கோபால்நாத். அப்பா தனியப்பா, நாகஸ்வர வித்வான். மகனும் நாகஸ்வரத்தில்தான் தொடங்கினார். ஆனால் சிறு வயதில் மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டதும், மனசு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்த வாத்தியம் ஒத்துழைக்க வேண்டுமே! பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் கண்டுபிடித்து, 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி அது. மேற்கத்திய இசைக்கென்றே செய்தது.

நாகஸ்வரத்தில் விரல் நேராகத் துளையின் மேல் படும். முழுசாக மூடலாம், பாதி மூடலாம், மெல்ல வழுக்கித் திறக்கலாம். கமகம் பிறக்க அது பெரிய உதவி. சாக்ஸபோனிலோ விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்தினால் மூடி போய்த் துளையை அடைக்கும்; விட்டால் திறக்கும். ஸ்வரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், வழுக்காது.

திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொல்வதென்றால், தறியில் நெய்த துணிக்கும் பனியன் துணிக்கும் உள்ள வித்தியாசம் இது. இழுத்தால் பனியன் துணி நீண்டு கொடுக்கும். தறித் துணி கொடுக்காது. கர்நாடக ராகத்துக்குத் தேவை, அந்த நீண்டு கொடுக்கும் குணம்.

கோபால்நாத் அதை உதட்டின் அழுத்தத்திலும், நாக்கின் அசைவிலும், மூச்சின் அளவிலும் கொண்டுவந்தார். கருவியிலும் தனக்கு ஏற்றபடி சில மாற்றங்கள் செய்துகொண்டார். மங்களூர் கலாநிகேதனத்தில் என்.கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம். பிறகு சென்னையில், பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவரான டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பயிற்சி. ஒரு பாடகர் எப்படி இழைப்பாரோ, அப்படியே இழைக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். சாதகம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

ஜாஸ் மேடையில் சம்மணம்

1980-ல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழா அவருக்குத் திருப்புமுனை. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி இவரது வாசிப்பைக் கேட்டுவிட்டு, ‘உங்களோடு சேர்ந்து வாசிக்கலாமா?’ என்று கேட்டாராம். இருவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். கூட்டம் கொண்டாடியது.

அதன் பிறகு பயணம்தான். பெர்லின், ப்ராக் ஜாஸ் விழாக்கள், மெக்சிகோவின் செர்வான்டினோ விழா, பாரிஸ் என்று உலகத்தைச் சுற்றினார். ஜாஸ்காரர்களோடு நிறைய வாசித்தார். ஆனால் ஜாஸ்காரராக மாறவில்லை. பளபளக்கும் ஜிப்பா, நெற்றியில் பொட்டு, தரையில் சம்மணம். பக்கத்தில் ஏ.கன்யாகுமரியின் வயலின். கீர்த்தனையைத்தான் வாசித்தார், அதைக் கேட்கத்தான் அவர்களும் வந்தார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் ருத்ரேஷ் மகந்தப்பாவின் கதை. பெற்றோர் கர்நாடகத்துக்காரர்கள், அவர் வளர்ந்தது அமெரிக்காவில். ஜாஸ் சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சகோதரர் வேடிக்கைக்காக ஓர் ஆல்பத்தைப் பரிசாகக் கொடுத்தார். பெயர், ‘சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்’. வாசித்தவர் கோபால்நாத். விளையாட்டாகக் கேட்கத் தொடங்கியவர் அசந்துபோனார். தான் பிடித்த அதே கருவியில், தன் பெற்றோரின் ஊர்ச் சங்கீதம்! பின்னாளில் இருவரும் சேர்ந்து 2008-ல் ‘கின்ஸ்மென்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். ‘உறவினர்கள்’ என்று அர்த்தம். அதில் கன்யாகுமரியின் வயலினும், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் உண்டு.

யாருடைய வாத்தியம்?

2004-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ரசிகர்கள் ‘சாக்ஸபோன் சக்கரவர்த்தி’ என்றே அழைத்தார்கள். 2019 அக்டோபர் 11-ம் தேதி மங்களூரில் காலமானார். மகன் மணிகாந்த் கத்ரி திரைப்பட இசையமைப்பாளர்.

இன்று தட்சிண கன்னடத்துக் கோயில் விழாக்களில் சாக்ஸபோன் சாதாரணக் காட்சி. திருப்பூர், கோவைப் பக்கம் கல்யாண வரவேற்பிலும் அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வயலினும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதானே? அது இல்லாத கச்சேரியை இன்று நினைக்க முடியுமா? ஒரு வாத்தியம் எங்கே பிறந்தது என்பதைவிட, அதைத் தன் பாஷையில் பேசவைக்க ஒருவர் எத்தனை வருஷம் உட்கார்ந்தார் என்பதுதான் அதை நம்முடையதாக ஆக்குகிறது.

போனில் ‘டூயட்’ பாட்டோடு நிறுத்திவிடாமல், அவருடைய கச்சேரி ஆலாபனை ஒன்றையும் தேடிக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், சாக்ஸபோனுக்குள்ளிருந்து அப்பாவின் நாகஸ்வரம் எட்டிப்பார்க்கும்.