டெக்ஸ் வில்லர் ராத்திரியில் பிறந்தவர்!

காமிக்ஸ் கௌபாய் டெக்ஸ் வில்லருக்கு முதலில் வைத்த பெயர் டெக்ஸ் கில்லர்! நம்ப முடிகிறதா? மிலான் நகரத்தில் பதிப்பகம் நடத்திவந்த தேயா பொனெல்லி, "இவ்வளவு கொடூரம் வேண்டாம்" என்று ஒரே ஓர் எழுத்தை மாற்ற வைத்தார். கதை எழுதியவர் ஜான்லூயிஜி பொனெல்லி. படம் போட்டவர் ஔரேலியோ கல்லெப்பினி. கல்லெப்பினியின் பகல் பொழுதெல்லாம் வேறொரு தொடருக்குப் போனது; அதுதான் ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். டெக்ஸை அவர் வரைந்ததெல்லாம் ராத்திரியில்தான். முகத்துக்கு மாதிரி, ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர். 1948 செப்டம்பர் 30-ல் முதல் இதழ் வந்தது. பகல் தொடர் சீக்கிரமே நின்றுபோனது. ராத்திரிப் பிள்ளையோ இன்றுவரை குதிரையை விட்டு இறங்கவில்லை!

இன்று ரேஞ்சராக வலம்வரும் டெக்ஸ், அறிமுகமானபோது சட்டம் தேடிய ஆள். பழிவாங்கக் கிளம்பியவன். அந்தக் கரடுமுரடுதான் நம்மைப் பிடித்து இழுக்கிறது.

இப்போது ஒரு டெக்ஸ் புத்தகத்தை எடுங்கள். எந்தப் பக்கத்தையாவது திறந்து உற்றுப் பாருங்கள். மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசை; பெரும்பாலும் வரிசைக்கு இரண்டு கட்டம். ஏன் இப்படி? ஆரம்பத்தில் டெக்ஸ் வந்தது, ஒரே ஒரு வரிசை மட்டும் கொள்ளும் நீளவாக்குக் குட்டிப் புத்தகமாக. பிறகு மூன்று துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பெரிய பக்கமாக்கினார்கள். அந்த அடுக்கே டெக்ஸின் முத்திரையாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டபின் என்னால் ஒரு பக்கத்தையும் சும்மா புரட்ட முடியவில்லை!

அடுத்து பிரான்ஸுக்குப் போவோம். தமிழில் நாம் கேப்டன் டைகர் என்று அழைக்கும் காமிக்ஸ் நாயகனின் அசல் பெயர் புளூபெரி. 1963-ல் ஷான்-மிஷெல் ஷார்லியே எழுத, ஷான் ஜிரோ வரைந்தார். பதின்ம வயதில் மெக்சிகோவில் அம்மாவோடு பல மாதம் தங்கியவர் ஜிரோ. அங்கே பார்த்த வெயிலும் வெட்டவெளியும் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. டைகரின் அந்த உடைந்த மூக்கு? பிரெஞ்சு நடிகர் ஷான்-போல் பெல்மோண்டோவுடையது!

வெஸ்டர்ன் என்னும் கௌபாய் கதை என்றாலே பாலைவனம்தானா? செர்ஜியோ கொர்பூச்சியின் 1968 படமான 'தி கிரேட் சைலன்ஸ்' முழுக்கப் பனியில் நடக்கிறது. விலை வைக்கப்பட்ட தலைகளைப் பணத்துக்காக வேட்டையாடுபவர்கள்தான் அதில் வில்லன்கள். மலைக் காட்சிகளை இத்தாலியின் டோலமைட் மலைகளில் எடுத்தார்கள். ஊர்த் தெருவோ ரோமில் போட்ட செட். அங்கே பனிக்கு எங்கே போவது? டன் கணக்கில் ஷேவிங் நுரையைக் கொட்டினார்கள்! சுற்றுப்புறத்தில் பனி இல்லாதது கேமராவில் தெரிந்துவிடாமல் புகைமூட்டம் போட்டு மறைத்தார்கள். அந்தப் படத்தின் சாயலில் பெல்ஜியத்தில் பிறந்த காமிக்ஸ் நாயகன்தான் டியுராங்கோ. 'சத்தமின்றி யுத்தம் செய்' என்ற தலைப்பில் தமிழுக்கும் வந்துவிட்டான். ரோமில் படக்குழு செயற்கையாகப் போட்ட மூட்டம், நம் பிரிஞ்சாங்கில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் தானாக இறங்கி வருகிறது!

தமிழில் இவர்களைக் குதிரை ஏற்றியது பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன சிவகாசி. சௌந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அவர் மகன் எஸ். விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். 1985-ல் 'தலை வாங்கிக் குரங்கு' வழியாக டெக்ஸ் நுழைந்தார். அப்புறம் என்ன? வாசகர்களுக்கு டெக்ஸ் 'தல', டைகர் 'தளபதி'! 2015-ல் டைகரின் 'மின்னும் மரணம்' ஒரே தடிப் புத்தகமாக வந்தபோது நடந்தது திருவிழாதான்.

தலைக்கு விலை வைப்பது நம் மலைநாட்டுக்கும் புதிதில்லை. டெக்ஸ் பிறந்த அதே 1948-ல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கின் தலைக்கு அரசாங்கம் வைத்த விலை 250,000 வெள்ளிவரை ஏறியது. முள்வேலி, ஊரடங்கு, காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் என்று தோட்டத்து மக்கள் அதை வாழ்ந்தே பார்த்தார்கள். நம் தாத்தா பாட்டிகளிடம் இருப்பது எந்த வெஸ்டர்னுக்கும் சளைக்காத கதை.

மிலானில் ராத்திரி விளக்கடியில், ரோமில் நுரை கொட்டிய தெருவில், சிவகாசியில் அச்சு மையில் உருவானது இந்த வெஸ்டர்ன் உலகம். அரிசோனாவில் பிறந்தவன்தான் இதைச் செய்ய முடியும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே பிரிஞ்சாங் பிள்ளைகளே, வீட்டுப் பெரியவர்களிடம் அந்த அவசரகாலத்தைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளைத்தாளில் மூன்று வரிசை, ஆறு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ஒரு தேயிலைச் சரிவு, மூடுபனி, விலை வைக்கப்பட்ட ஒரு தலை. மீதி ஐந்து கட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க நான் இப்போதே காத்திருக்கிறேன்!