நெடுவழி பஸ்ஸும் காஞ்சீபுரத்துப் பிரயாணியும்

காஞ்சீபுரத்திற்குக் கிழக்கே, சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் ராஜபாட்டையை ஒட்டி, ஏனாத்தூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1993-ல் நிகர்நிலை அந்தஸ்து பெற்ற சர்வகலாசாலை ஒன்றும், வைத்தியக் கல்லூரி ஒன்றும் அங்கே அமைந்திருப்பதால், பட்டு நெய்யும் ஜனங்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த அவ்வூரின் பெயர் இன்று பல ஜில்லாக்களிலும் வழங்குகிறது. இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பாட்டையின் ஓரத்தில் நிற்பவர்கள், பெங்களூருக்கும் சென்னைக்கும் பறக்கும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவை காஞ்சீபுரம் ஊருக்குள் நுழைவதில்லை. புராதனமான ஒரு நகரத்தை இருளில் ஓரமாக ஒதுக்கிவிட்டு அவை போய்விடுகின்றன. இறங்க வேண்டியவன் மேம்பாலத்தடியில் மூட்டையோடு இறக்கிவிடப்படுகிறான்; ஏற வேண்டியவனோ கை காட்டிக் கை காட்டி ஓய்கிறான்.

இது சிறு விஷயம் என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. காஞ்சீபுரத்துக்கு ரயில் உண்டெனினும், அது அரக்கோணத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையேயுள்ள கிளைப் பாதையில் அமைந்த ஸ்டேஷன். சென்னைக்குப் போகிறவன் செங்கற்பட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பெங்களூருக்குப் போகிறவன் அரக்கோணத்தில் வண்டி மாறவேண்டும். ஆகவே இவ்வூர் ஜனங்களுக்கு நெடும் பிரயாணம் என்றால் பெரும்பாலும் பஸ் பிரயாணமே. காஞ்சிப் பட்டின் நூல் பெரும்பகுதியும் கர்நாடகத்திலிருந்து வருகிறது; ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது; புடவை விற்பனையாவதோ தேசமெங்கும். நூல் விலை விசாரிக்கப் பெங்களூருக்குப் புறப்படும் சிறு முதலாளியும், தறி வேலையை விட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போகும் நெசவாளியின் மகனும், விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குத் திரும்பும் ஏனாத்தூர் மாணவனும் ஒரே பஸ்ஸின் படியில் கால் வைக்கிறார்கள். பஸ் கட்டணத்தில் நூறு ரூபாய் ஏறினால் அது இவர்களுடைய அடுப்பைத் தொடுகிறது.

மோட்டார் பஸ் தமிழ்நாட்டில் தனிப்பட்டோர் முயற்சியால் வளர்ந்தது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் ஸ்தாபித்த கம்பெனியின் கதையை அறியாதார் இல்லை. இரண்டாவது மகாயுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து அதன் வாயுவினால் பஸ் ஓட்டிய காலத்தையும் தமிழ்நாடு கண்டது. மேட்டில் ஏற மாட்டாமல் நின்ற கரி பஸ்ஸைப் பிரயாணிகள் இறங்கித் தள்ளிய கதைகளைத் தாத்தாக்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். 1947-ல் சென்னை நகரில் சர்க்காரே பஸ் நடத்தத் தொடங்கிற்று. 1967-ல், காஞ்சீபுரத்தில் பிறந்தவரான அண்ணாதுரை முதன் மந்திரியானபின், நெடுவழி மார்க்கங்களைச் சர்க்கார் வசமாக்கும் கொள்கை வலுப்பெற்றது. 1972 முதல் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று கழகங்கள் பிறந்தன. 1980-ல் தொலைதூரப் பிரயாணத்திற்கென்றே திருவள்ளுவர் கழகம் ஏற்பட்டது. பிறகு தலைவர்களின் பெயர்களைச் சூட்டும் ஆசை வளர்ந்து, ஒரு பெயரை முன்னிட்டுத் தென் ஜில்லாக்களில் ஜாதிக் கலவரமே மூண்டதால், 1997-ல் எல்லாப் பெயர்களையும் அழிக்கவேண்டியதாயிற்று. பஸ்ஸின் நெற்றியில் யார் பெயர் இருந்தால் என்ன, அது வேளைக்கு வந்தால் போதும் என்று பிரயாணி நினைத்திருப்பான். அவனை யார் கேட்டார்கள்?

இப்பொழுது ராஜபாட்டையை ஆள்வது சர்க்கார் பஸ் மட்டுமன்று; ஆம்னி பஸ் என்று சொல்லப்படும் தனியார் வண்டிகளே இரவில் மிகுதி. இவற்றின் சட்ட நிலைமையை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரயாணி வண்டிகளுக்கு இரண்டு முக்கியமான பெர்மிட்டுகள் உண்டு. வழியில் நிறுத்தி, ஆளுக்கு ஆள் டிக்கெட் கொடுத்து, குறிப்பிட்ட மார்க்கத்தில் ஓடும் வண்டி ஒருவகை. ஒரு கலியாண கோஷ்டியோ, யாத்திரைக் கூட்டமோ மொத்தமாக ஒப்பந்தம் பேசி அமர்த்தும் வண்டி மற்றொரு வகை. ஆம்னி பஸ்கள் பெற்றிருப்பது இந்த இரண்டாவது பெர்மிட்டு. ஆனால் அவை தினந்தோறும், குறித்த வேளையில், ஒருவரையொருவர் அறியாத நாற்பது பேருக்குத் தனித்தனியே இடம் விற்று ஓடுகின்றன என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த ரகசியம். சட்டத்தின் கண்ணுக்கு அந்த நாற்பது பேரும் ஒரே கலியாணத்துக்குப் போகிறவர்கள்!

வரி குறைவாக இருக்கும் ராஜ்யத்தில் வண்டியைப் பதிவு செய்துவிட்டு, தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையிலேயே ஓட்டுவது இன்னொரு சாமர்த்தியம். நாகாலாந்தின் எண்ணைத் தாங்கிய வண்டிகள் நாகாலாந்து மண்ணையே மிதியாமல் சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தன. 2024 ஜூன் மாதத்தில்தான் சர்க்கார் விழித்துக்கொண்டு, இவ்விதமான ஐந்நூறுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தடை விதித்தது.

கட்டண விஷயம் இதைக் காட்டிலும் முக்கியமானது. 2018 ஜனவரியில் சர்க்கார் பஸ் கட்டணம் ஏற்றப்பட்டபோது மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாளில் சிறிது குறைக்கப்பட்டு, வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்று நிர்ணயமாயிற்று. இரண்டு காசு குறைப்பதற்கு அத்தனை கிளர்ச்சி வேண்டியிருந்தது. ஆனால் தீபாவளி, பொங்கல் வந்துவிட்டால் ஆம்னி பஸ்களின் கட்டணம் இரண்டு மடங்காகிறது, மூன்று மடங்காகிறது, கேட்பாரில்லை. ஒப்பந்த வண்டிக்கு நாங்கள் கட்டணம் நிர்ணயிக்க இயலாது என்று அதிகாரிகள் பலமுறை கூறியிருக்கிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி? மேற்படி சட்டத்தின் 67-ம் பிரிவு, மார்க்க வண்டிகளுக்கு மட்டுமின்றி ஒப்பந்த வண்டிகளுக்கும் உச்சக் கட்டணமும் குறைந்த கட்டணமும் நிர்ணயிக்க உத்தரவிடும் அதிகாரத்தை ராஜாங்க சர்க்காருக்கு வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது. அதிகாரம் கையில் இருக்கிறது. அதை உபயோகிக்கும் மனம் இல்லை என்றே நாம் சொல்லவேண்டியிருக்கிறது. வண்டி திரும்பும்போது காலியாக வருகிறது, ஆகையால் போகும்போது இரட்டிப்பு வாங்குகிறோம் என்னும் முதலாளிகளின் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த நியாயத்துக்கு இடங்கொடுத்து ஓர் உச்சவரம்பு விதிக்கட்டுமே. வரம்பே கூடாதென்பது எந்த நியாயம்?

2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறக்கப்பட்டு, தெற்கே போகும் வண்டிகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டன. சென்னைவாசிகள் இதைப்பற்றி முறையிட்டார்கள். ஆம்னி முதலாளிகள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். காஞ்சீபுரத்தாருக்கு இம்மாற்றத்தால் நஷ்டமில்லை என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்கிறோம். மதுரைக்குப் போவதற்காகப் பட்டணத்துக்குள் நுழைந்து திரும்பும் வீண் அலைச்சல் அவர்களுக்குக் குறைந்தது. மேற்கே போகும் காஞ்சிக்காரனுடைய குறைதான் இன்னும் தீரவில்லை.

உயிர் விஷயத்துக்கு வருவோம். 2013 அக்டோபர் 30-ந் தேதி விடியற்காலையில், பெங்களூரிலிருந்து ஹைதராபாத் சென்ற சொகுசு பஸ் ஒன்று பாலேம் என்னுமிடத்தில் சிறுபாலத்தின் சுவரில் மோதித் தீப்பற்றியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 45 பேர் மாண்டார்கள். 2023 ஜூலை முதல் தேதி, நாகபுரியிலிருந்து புனாவுக்குச் சென்ற பஸ் புல்டானா அருகே கவிழ்ந்து எரிந்ததில் 25 பேர் இறந்தார்கள். வண்டி கதவுப் பக்கமாகவே சாய்ந்ததால் வழி அடைபட்டுப் போயிற்று. கண்ணாடியை உடைக்கும் சுத்தி எங்கே இருக்கிறது, அவசர வழி எது என்று ஏறிய பிரயாணிக்கு ஒரு வார்த்தை சொல்லுவதற்குப் பணம் செலவாகாது. 1961-ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டம் சாதாரணமாக நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணிக்கு மேல் வேலை கூடாதென்று விதித்திருந்தது. இரவெல்லாம் கண் விழித்து வண்டியோட்டி வந்தவன் மறுநாள் இரவே மீண்டும் சக்கரத்தைப் பிடிக்கிறானா என்று சோதனைச் சாவடியில் கேட்பவர் எத்தனை பேர்?

ஏனாத்தூர்ப் பக்கத்தில் வேண்டுவது அதிகமில்லை. பாட்டையின் இருபுறமும் வண்டிகள் ஒதுங்கி நிற்க இடம், ஒரு கூரை, அணையாத விளக்கு, கழிப்பிடம், ஊருக்குள் செல்ல இரவில் மணிக்கொரு சர்க்கார் பஸ். 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண நகரப் பஸ்களில் இலவசமாகப் பிரயாணம் செய்கிறார்கள். அந்தச் சலுகை நெடுவழி பஸ்ஸுக்கு இல்லை. அதை நாம் இப்போது கேட்கவுமில்லை. பெங்களூரிலிருந்து பின்னிரவு மூன்று மணிக்கு வந்து இறங்கும் ஒரு மாணவி, ஆட்டோக்காரன் கேட்டதைக் கொடுத்தோ, விடியும்வரை மேம்பாலத்தூணின் கீழ் ஒண்டி நின்றோ காலம் கழிக்கும்படி விடலாகாதென்றே கேட்கிறோம். ஜில்லா கலெக்டரும், போக்குவரத்துக் கழகத்தாரும், நெடுஞ்சாலை அதிகாரிகளும் ஒருநாள் நள்ளிரவில் கூடி வந்து அவ்விடத்தைப் பார்வையிடட்டும். பகலில் வந்தால் ஒன்றும் தெரியாது.