படைத்தளத்தின் அண்டையிலே நிலம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வட டக்கோட்டா என்றொரு மாநிலம் உண்டு. நிலப்படத்தை விரித்துக் கனடாவின் எல்லைக்குச் சற்றுத் தெற்கே நோக்குவீர்களாயின் கிராண்ட் போர்க்ஸ் என்னும் நகரம் தென்படும். அங்கே பூபெங் என்னும் சீன நிறுவனத்தார் மக்காச்சோள ஆலை ஒன்று நிறுவக் கருதி 370 ஏக்கர் நிலம் வாங்கினர். நகர மன்றத்தார் முதலில் மகிழ்ந்தே வரவேற்றனர். உழவர்க்கு விளைச்சலை விற்கப் பக்கத்திலேயே ஓர் இடம், இளைஞர்க்கு வேலை, வேறென்ன வேண்டும்? ஆனால் அந்நிலத்திலிருந்து ஏறத்தாழ 12 மைல் தொலைவில் விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது.

சோளம் அரைக்கும் ஆலைக்கும் விமானப்படைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆளில்லா விமானங்களும் செயற்கைக் கோள்களும் வானொலி அலைகளின் வாயிலாகவே தரையோடு பேசுகின்றன. அண்டையில் உயர்ந்த கட்டடமும் சில கருவிகளும் உடையவன், தளத்தின் வேலியைத் தாண்டாமலே அவ்வலைகளைப் பிடிக்கவும், எந்த விமானம் எப்பொழுது எழுந்தது என்று குறித்து வைக்கவும் கூடும். ஒரு நாள் வந்து மறையும் ஒற்றனைவிட, கிரயப் பத்திரத்தோடு ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பவனுக்கு இது எளிது. ஆலையோ எழும்பவே இல்லை. ஆகவே அச்சமெல்லாம் வரக்கூடியதைப் பற்றியதே என்பதையும் நாம் மறத்தலாகாது.

அயல்நாட்டு முதலீட்டை ஆராயும் மத்திய அரசின் குழு, இவ்விவகாரம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என 2022 டிசம்பரில் கைவிரித்தது. 2023 ஜனவரியில் விமானப்படையோ, இது பாதுகாப்புக்குப் பெருங்கேடு என்று எழுதியது. பிப்ரவரியில் நகர மன்றம் திட்டத்தைக் கைவிட்டது.

மத்திய அரசின் வலையில் இத்தகைய ஓட்டைகள் இருத்தலைக் கண்ட மாநிலங்கள் தாமே சட்டம் இயற்ற முற்பட்டன. 2023இல் புளோரிடா இயற்றிய சட்டம் சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா, கியூபா, வெனிசுவேலா, சிரியா ஆகிய ஏழு நாடுகளைப் பெயர் சுட்டிக் கூறி, அவற்றைச் சார்ந்தோர் படைத்தளங்களுக்கு 10 மைலுக்குள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. சீனாவை நிலையான இருப்பிடமாகக் கொண்டவர்க்கு, அமெரிக்கக் குடிமக்களோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றோரோ அல்லாராயின், மாநிலம் முழுவதுமே தடை. சுற்றுலாவுக்கன்றி வேறு விசாவில் முறைப்படி வந்தோர், தளத்திலிருந்து 5 மைலுக்கு அப்பால், 2 ஏக்கருக்கு மிகாத மனையில் ஒரே ஒரு வீடு வாங்கலாம்.

தளத்தைச் சுற்றி எல்லை வகுப்பதை நான் குறை கூறமாட்டேன். காவலுக்கு அது வேண்டும். தளமே இல்லாத ஊரிலும் ஒரு நாட்டாரை மட்டும் விலக்குவதே எனக்கு உறுத்துகிறது. காரணம் வரலாற்றில் உள்ளது. கலிபோர்னியா 1913இல், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் வேளாண் நிலம் வாங்குவதைத் தடுத்தது. ஜப்பானியர் என்னும் சொல் அச்சட்டத்தில் இல்லை, குறி அவர்கள்மேல்தான். இந்தியரும் அத்தகுதியற்றோரே என 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், அங்கே பயிரிட்டு வாழ்ந்த பஞ்சாபியரும் அதில் அகப்பட்டனர். 1952இல்தான் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. புளோரிடாவின் அரசியலமைப்பிலும் அத்தகைய பழைய விதி ஒன்று கிடந்தது. மக்கள் அதனை 2018இல் வாக்களித்து நீக்கினர். புதிய சட்டம் பிறந்தது அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின்னர். அங்கு வாழும் சீனர் சிலர் அவ்வாண்டிலேயே அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர்.