இலைமேல் ஒரு கரும்புள்ளி

நீலகிரியில் சேரங்கோட்டுப் பக்கத்தில் ஆடி மழை விடாமல் பிடித்துக்கொண்டால், தேயிலைக் கொழுந்தின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்மாவு பூசினாற்போல் புடைக்கும் கொப்புள நோய் தலைகாட்டும் என்பது தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் எவரும் அறிந்த விஷயம். அதற்குக் காரணமான பூஞ்சைக்கு, அஸ்ஸாம் தேயிலையில் கண்டதை ஆதாரமாகக்கொண்டு, 1898-ஆம் ஆண்டிலேயே மாஸ்ஸி என்ற ஆங்கில சாஸ்திரக்ஞர் ‘எக்ஸோபேசிடியம் வெக்சான்ஸ்’ என்று நாமகரணம் செய்துவிட்டார். அது தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ 1946-இல்தான். பணப்பயிரைத் தொட்ட பூஞ்சைக்கு இந்த மரியாதை கிடைத்திருக்க, தோட்டத்து எல்லைக்கு அப்பால் காட்டு மரங்களின் இலைகளில் வாழும் பூஞ்சைகளை, அவற்றால் எவருக்கும் நஷ்டமில்லை என்ற ஒரே காரணத்தால், நெடுங்காலம் கவனித்தவர் வெகு சிலரே.

அச்சிலரில் முக்கியமானவர் வி. பி. ஹொசகௌடர். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலும், பின்னர் கேரளத்துப் பாலோட்டிலும் பணியாற்றிய இவர், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அலைந்து, இலைமேல் மைத்துளி சிந்தினாற்போல் கறுத்துப் படரும் ‘மெலியோலா’ வர்க்கத்தில் மிகப் பல புதிய இனங்களை வர்ணித்தார். இந்தியாவில் காணப்படும் இவ்வர்க்கத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1996-இல் வெளிவந்தது.

காட்டில் முன் காணாத ஒன்றைக் கண்டுவிட்டால் மட்டும் அது புதிய இனமாகிவிடாது. பழையவற்றுள் எதுவுமல்ல என்று நிரூபித்தாக வேண்டும். அதற்கு முதற்படி, விந்தையாகத் தோன்றலாம், பூஞ்சையை அல்ல, மரத்தை அறிவது. மெலியோலா இனங்களில் பெரும்பாலானவை தமக்குரிய மரத்தையோ அதன் நெருங்கிய உறவினத்தையோ விட்டு வேறொன்றில் வாழா. ஆகவே பூவும் காயும் கொண்ட கிளையும் உடன் வந்தால்தான் பூஞ்சை படர்ந்து, காகிதத்துக்கிடையே அழுத்தி உலர்த்திய இலைக்குப் பூரண மதிப்பு.

அடுத்த காரியத்துக்கு உதவுவது பெண்கள் நகத்துக்குப் பூசும் நிறமற்ற பாலிஷ்! கரும்புள்ளிமேல் அதை மெல்லத் தடவி, காய்ந்ததும் உரித்தால், பூஞ்சை தன் இழைகளும் முள்மயிர்களும் குலையாமல் அந்த மெல்லிய ஏட்டோடு ஒட்டி வந்துவிடுகிறது. அதைக் கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியின் கீழ் வித்துகளின் நீள அகலங்களையும் அவற்றின் குறுக்குத் தடுப்புகளையும் பொறுமையாகக் கணக்கெடுப்பார்கள். இந்த லட்சணங்களையெல்லாம் எட்டு இலக்கங்களில் அடக்கும் ஒரு சூத்திரத்தைப் பீலி என்பவர் வகுத்துத் தந்திருக்கிறார். இரண்டு இனங்களை ஒப்பிட முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு வர்ணனை. 2011 முடியும்வரை அது லத்தீனில் இருந்தாக வேண்டும் என்பது நியமம். இப்போது ஆங்கிலமும் போதும், ஆனால் 2013 முதல் சர்வதேசப் பதிவெண் இன்றி எந்தப் புதிய பூஞ்சைப் பெயரும் செல்லாது. இத்தனைக்குப் பின்னும் உலகில் இதுவரை பெயர் பெற்றவை சுமார் ஒன்றரை லட்சமே. இருக்கக்கூடியவையோ 22 முதல் 38 லட்சம் என்று 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்லுகிறது.

மெலியோலாவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க இயலாது. உயிருள்ள இலையே அதற்கு ஆகாரம். எனவே ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தில் மூலமாதிரியாக வைக்கப்பட்ட உலர்ந்த இலைதான் அந்தப் பெயருக்கு நிலையான சாட்சி. புதிதென்று ஒருவர் அறிவித்ததை, பழையதேயென்று பின்னொருவர் வாதிக்கும்போது, இருவரும் திறந்து பார்க்க வேண்டியது அந்த இலை அடங்கிய உறையைத்தான்.