மாடி அறையில் முதல் மனைவி!

காதல் கதையில் பேய்க்கு என்ன வேலை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருக்கும் அறையில் "கோஹ்ரா" என்ற பழைய இந்திப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். எங்களில் மூன்று பேருக்கு இந்தி அரைகுறைதான். ஆனாலும் படம் முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், பட்டறையில் வேலை பார்க்கும் நெல்லைக்காரத் தம்பி கேட்டார்:

"அண்ணாச்சி, செத்துப் போனவளைப் பத்தி ஆளாளுக்குப் பேசுதாங்க. அவ பக்கம் பேச ஒருத்தரும் இல்லியே?"

நியாயமான கேள்வி. படம் நெடுகிலும் எனக்குத் தோன்றாத கேள்வி!

"கோஹ்ரா" என்றால் மூடுபனி. 1964-ல் வெளிவந்தது. பாடகர் ஹேமந்த் குமார் தயாரித்து, இசையும் அமைத்த படம். டைரக்டர் பீரேன் நாக். கதாநாயகி, நம் செங்கற்பட்டில் பிறந்த வகீதா ரெஹ்மான். அநாதைப் பெண் ஒருத்தி பணக்காரனுக்கு இரண்டாம் தாரமாகி, பெரிய மாளிகைக்குள் காலெடுத்து வைக்கிறாள். அங்கே எல்லாமே முதல் மனைவியின் நினைவுதான். லலிதா பவார் அவளை மறக்க முடியாத வேலைக்காரியாக வந்து, ஒரு பார்வையிலேயே நம்மை நடுங்க வைக்கிறார். பாட்டுக்கள் இனிமைதான். ஆனால் பாட்டு முடியும்வரை ஆவியும் காத்திருக்க வேண்டியிருக்கிறது!

பெயரே இல்லாத கதாநாயகி

இதன் மூலக்கதை, டாப்னே டு மாரியர் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1938-ல் வெளியிட்ட "ரெபேக்கா" நாவல். அதில் உண்மையில் பேய் கிடையாது. செத்தவளின் பெயரே புத்தகத்தின் பெயர். உயிரோடு இருக்கும் இரண்டாவது மனைவிக்கோ கடைசிவரை பெயரே சொல்லப்படுவதில்லை. பேயில்லாமலே பயம் வருவது அதனால்தான். புதிதாக வந்தவளுக்கு அந்த வீட்டில் இடமில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, வேறொருவர் பெட்டி படுக்கை கிடந்த மூலையில் முதல் ராத்திரி படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாவலில் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றவன் கணவனேதான். 1940-ல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கியபோது, கொலை செய்த கணவன் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது என்பது அமெரிக்கப் பட உலகத்தின் தணிக்கை விதி. ஆகவே அவள் கீழே விழுந்து தற்செயலாக இறந்ததாக மாற்றினார்கள். கணவன் நல்லவனாகிவிட்டான். அவள் கெட்டவளாகவே நின்றுவிட்டாள்.

பூட்டிய கதவு

இந்த வகைக் கதைக்கெல்லாம் பாட்டி, சார்லட் பிராண்டே 1847-ல் எழுதிய "ஜேன் அயர்". ஏழை ஆசிரியை பங்களாவுக்கு வருகிறாள், எஜமானரைக் காதலிக்கிறாள். மாடியிலோ அவருடைய பைத்தியம் பிடித்த மனைவி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள்! ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்து 1969-ல் வந்த நம் "சாந்தி நிலையம்" இதைத் தழுவியதுதான். அதன் ஒளிப்பதிவுக்காக மார்கஸ் பார்ட்லிக்கு தேசிய விருது கிடைத்தது.

ஆனால் இதைத் துணிந்து பயங்கரப் படமாக மாற்றியவர் ஹாலிவுட் தயாரிப்பாளர் வால் லூட்டன். படக் கம்பெனி அவரிடம் ஒரு தலைப்பை மட்டும் கொடுத்தது: "ஐ வாக்ட் வித் எ ஜாம்பி". அதாவது, நடமாடும் பிணத்தோடு நடந்தேன்! கேட்டாலே சிரிப்பு வரும் அந்தத் தலைப்புக்கு அவர் "ஜேன் அயர்" கதையைப் பொருத்தினார். 1943-ல் வெளிவந்த அப்படத்தின் டைரக்டர் ஜாக் டர்னர்.

ஆசிரியைக்குப் பதில் நர்ஸ். பங்களாவுக்குப் பதில் மேற்கிந்தியத் தீவில் ஒரு கரும்புத் தோட்டம். முதலாளியின் மனைவி வெள்ளை உடையில் ராத்திரியில் நடக்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. காய்ச்சலால் வந்த நோய் என்கிறார் டாக்டர். இல்லை, நான்தான் செய்வினை வைக்கச் சொன்னேன் என்கிறாள் மாமியார்! அவள் மைத்துனனோடு ஓடிப்போக இருந்தாளாம். எது உண்மை என்று படம் தீர்த்துச் சொல்வதில்லை. நர்ஸ் அவளைக் கரும்புக் காட்டுக்குள் நடத்திப் போகும் காட்சியில் வசனமே இல்லை, காற்றும் முரசும்தான். ரத்தம் கொட்டும் பத்துப் படங்களுக்கு அது சமம்.

இதில் இன்னொன்றும் உண்டு. "ஜேன் அயர்" மாடியில் அடைபட்டவள் ஜமைக்காவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். லூட்டனின் படம், தெரிந்தோ தெரியாமலோ, அவள் பிறந்த பக்கத்துக்கே கதையைத் திருப்பிக் கொண்டு போயிற்று. அவள் வாயைத் திறந்து பேசியது 23 வருஷம் கழித்து, 1966-ல்தான். டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரிஸ் என்ற அம்மையார் எழுதிய "வைடு சர்காசோ ஸீ" நாவலில், அவள் இயற்பெயர் அன்டாய்னெட். கணவன் அதை மாற்றி பெர்த்தா என்று கூப்பிடுகிறான்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அந்தக் கரும்புத் தோட்டப் படத்தையே போடலாம் என்றார்கள் எல்லாரும்.

"அதுலயாவது அவ பேசுவாளா, அண்ணாச்சி?" என்றார் தம்பி.

"பேச மாட்டா. நடப்பா" என்றேன்.